உத்தரவு முன்னதா, பயணம் முன்னதா? நம்மவர் வெளி மாநிலம் வந்த வரலாறு

“உத்தரவு கையில் கிடைத்த பிறகே ரயிலேற வேண்டும்” என்பது நம் காலனிப் பெரியவர்கள் இளைஞர்களுக்கு வழக்கமாகக் கூறும் புத்திமதி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பெரியவர்கள் தாமே எவ்வாறு வந்தனர், அவர்தம் தந்தையர் எவ்வாறு வந்தனர் என்று சற்றே விசாரிப்போமாயின் வேறொரு கதை வெளிப்படுகிறது. இவ்வாண்டு மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது நாம் இதனையே எடுத்துக்கொண்டோம். நாம் சரித்திரப் பேராசிரியர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் குமாஸ்தா. எனினும் ஆட்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள், எதை நம்பிப் போகிறார்கள் என்பதை எம்மைப் போன்றவர்களைவிட அருகிலிருந்து காண்பவர் குறைவு என்று துணிந்து எழுதுகிறோம்.

முதலில் பாதை. பம்பாயிலிருந்து தாணா வரை முதல் ரயில் ஓடியது 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள். சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை வண்டி ஓடத் தொடங்கியது 1856 ஜூலை முதல் தேதி. இவ்விரு பக்கத்துத் தண்டவாளங்களும் ராய்ச்சூரில் சந்தித்துச் சென்னையும் பம்பாயும் ஒன்றாக இணைந்தது 1871-இல். கல்கத்தாவுக்கு நேரே செல்லக் கப்பலே கதியாக இருந்தது. 1900-இல் கோதாவரிப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே கிழக்குக் கடற்கரை ஓரமாக நேரே போவது எளிதாயிற்று. டில்லிக்கு மாறாமல் போகலாம் என்னும் வசதியோ 1929-இல் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் தந்தது. அவ்வண்டி ஆரம்பத்தில் மங்களூரிலிருந்து பெஷாவர் வரை ஓடியது என்றால் இன்று யார் நம்புவார்கள்! இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால், எந்த ஊருக்கு நம்மவர் எக்காலத்தில் மிகுதியாகப் போனார்கள் என்பது பாதி விளங்கிவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். வேலையை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு ஊரை விட்டுப் புறப்பட்ட முதல் தமிழர் யார் என்று கேட்டால், பலரும் கோட்டும் தலைப்பாகையும் அணிந்த ஒரு பட்டதாரியை மனத்தில் எண்ணிக்கொள்வர். உண்மை அதுவன்று. குடகு, மைசூர்க் காப்பித் தோட்டங்களுக்கும், மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்கும் போன ஏழைக் கூலியாட்களே அவர்கள். கங்காணி கிராமத்துக்கு வருவான். குடும்பத் தலைவனிடம் முன்பணம் கொடுப்பான். வேலை இன்னது என்பது நிச்சயம், தங்குவதற்கு லயன் நிச்சயம், உணவுக்கு அரிசி நிச்சயம். புறப்படும்போதே கடனும் நிச்சயம். கடல் கடந்து மலேயாவுக்கும் இதே முறையில்தான் ஆள் போயிற்று; அங்கே கூலியாட்களை உதவி கொடுத்து அனுப்புவதை இந்திய சர்க்கார் 1938-இல் நிறுத்தியது. ஆகவே வேலை முன்னதாக உறுதியாயிருப்பது ஒன்றே பாக்கியம் என்று எண்ணுவதற்கில்லை. எழுதிய உத்தரவிலும் யார் எழுதியது, அதிலிருந்து விலக வழி உண்டா என்பவற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோலார் தங்க வயலை இங்கே குறிப்பிடாமல் போவது முறையன்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து காண்டிராக்டர்கள் வழியாகத் தமிழர் குடும்பம் குடும்பமாக அங்கே சென்றனர். அவர்களில் பெரும்பான்மையோர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட வகுப்பினர். கிராமத்தில் பண்ணையாருக்கு அஞ்சி வாழ்ந்தவர்களுக்குப் பூமிக்கு அடியில் இருந்த வெப்பமும் இருளும்கூட ஒரு விடுதலையாகத் தோன்றியிருக்க வேண்டும். இல்லாவிடில் மூன்று நான்கு தலைமுறை அங்கேயே தங்கியிரார். சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் மின்சாரம் அங்கே வந்துவிட்டது. நம் நாட்டின் பெருநகரங்கள் பலவற்றுக்கு முந்தியே. ஆனால் அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. அதன் பின் அவ்வூர்ப் பிள்ளைகள் பலர் வேலையைத் தேடிக் குடிபெயரவில்லை. மாறாக வீட்டைக் காலியாக விடாமல், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் வாழ்க்கையை ஆயிரக்கணக்கானோர் மேற்கொண்டனர். சீசன் டிக்கெட்டுக்காரர்கள் என்று நாம் அலுப்போடு பேசும் கூட்டத்துக்குள் எத்தனை சரித்திரம் நின்றுகொண்டு பயணம் செய்கிறது பாருங்கள்.

பம்பாய்க்குத் திரும்புவோம். சங்க மலர்கள் பலவற்றில் பம்பாய்த் தமிழர் வரலாறு மாதுங்காவில் தொடங்கும். நம் கருத்தில் அது தாராவியில் தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர் அங்கே வந்துவிட்டனர். அவர்களுக்கு உத்தரவும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் தோல் கிடங்கில் இருக்கிறார் என்னும் ஒரே செய்தியை நம்பி வந்தவர்கள். அவர் போய் நின்று “இவன் என் ஊர்ப் பையன்” என்று சொன்னால் அதுவே நியமனம். சதுப்பு நிலத்தைத் தம் கையாலேயே தூர்த்து அதன்மேல் குடிசை கட்டிக்கொண்டார்கள். மாதுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே ஓடுவது ஒரு ரயில் பாதைதான். ஆனால் இப்புறத்து வரலாற்றை எழுதியவர்கள் அப்புறம் எட்டிப் பார்க்காமலே பல ஆண்டு விழாக்கள் நடந்து முடிந்துவிட்டன.

மாதுங்காவின் கதை வேறு விதம். 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. அதன் விளைவாக 1898-இல் நகரச் சீர்திருத்த டிரஸ்ட் ஏற்பட்டது. நெரிசலைக் குறைக்க நகரின் வடபுறத்தில் தாதர், மாதுங்கா பகுதிகளை மனை மனையாக வகுத்தது. புதிதாகக் கட்டிய அக்கட்டடங்களில் தென்னிந்தியக் குடும்பங்கள் குடியேறின. ஆபீசுக்குப் போக ரயில் கிட்ட இருந்தது. வாடகை கோட்டைப் பகுதியைக் காட்டிலும் குறைவு. 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் அங்கே பள்ளி நடத்தத் தொடங்கியது. பள்ளிக்கூடம் வந்துவிட்டால் ஊர் நிலைத்துவிட்டது என்றே பொருள்.

இம்மாதுங்காவுக்கு வந்த இளைஞர் கையில் என்ன இருந்தது? எஸ்.எஸ்.எல்.ஸி. புத்தகம் ஒன்று, டைப்ரைட்டிங், சுருக்கெழுத்துச் சர்ட்டிபிகேட்டுகள் இரண்டு, ஒரு விலாசம். இந்த மூன்றில் முதல் இரண்டும் ஊரிலேயே தயாரானவை. தஞ்சாவூர், கும்பகோணம், திருநெல்வேலி, பாலக்காடு என்று எந்தச் சிற்றூரிலும் மாடியறை ஒன்றில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கும். நிமிஷத்துக்கு 45 வார்த்தை தட்டினால் மேல் பரீட்சை. சுருக்கெழுத்தில் 120 எட்டினால் வெளியூர் போகத் தகுதி வந்துவிட்டதாக வீட்டில் பேச்சு எழும். சர்க்கார் நடத்திய தொழில் நுட்பப் பரீட்சையின் சர்ட்டிபிகேட்டுக்கு வெளி மாகாணத்துக் கம்பெனிகளில் மதிப்பு இருந்தது. ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதுவான், காலத்தில் வருவான், சம்பளத்தில் தகராறு செய்யான் என்று மதராஸி குமாஸ்தாவுக்கு ஒரு பெயர். இப்பெயரில் பெருமை பாதி, வேறு போக்கிடம் இல்லாமை பாதி என்பது நம் அபிப்பிராயம்.

மூன்றாவதான விலாசமே உண்மையில் உத்தரவின் ஸ்தானத்தை வகித்தது. மாமாவோ, அத்திம்பேரோ, அடுத்த தெருக்காரரோ எழுதிய கடிதம்: “பையனை அனுப்புங்கள். இங்கே வந்தால் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்.” இந்த “ஏதாவது” என்னும் சொல்லை நம்பித்தான் பம்பாய் மெயிலின் மூன்றாம் வகுப்புப் பலகையில் ஒரு தலைமுறையே பயணம் செய்தது. விக்டோரியா டெர்மினஸ் வரை போகாமல் தாதரிலேயே டிரங்குப் பெட்டியோடு இறங்கி, ஓர் அறையில் ஏழு எட்டுப் பேரோடு படுத்து எழுந்தார்கள். அறையில் வேலையில் இருப்போர் வாடகையும் மெஸ் பணமும் கொடுப்பர். வேலை தேடுவோர் தண்ணீர் பிடிப்பர், துணி உலர்த்துவர், காலைப் பத்திரிகையின் “தேவை” பத்திகளைப் பார்த்து மனு எழுதுவர். வேலை கிடைத்தவன் அடுத்து வருபவனுக்குச் சோறு போட வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆகையால் “வேலை தேடிக்கொண்டு வந்தார்களா, வந்து தேடினார்களா” என்று கேட்டால், வந்துதான் தேடினார்கள். ஆனால் தனியாக வரவில்லை என்பதே சரியான விடை. எங்கள் காலனியில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் தகப்பனாரைப் பற்றிச் சொல்வார்: முதல் ஐந்து மாதமும் ஊருக்கு எழுதிய கடிதங்களில் “வேலை திருப்திகரம்” என்றே எழுதினாராம். எந்த வேலை என்று எழுதவில்லை. அறையில் இருந்தவர்களுக்கு ரசம் வைப்பதுதான் அந்த வேலை.

இவ்விடத்தில் காரணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை மாகாணத்தில் 1921-லும் 1927-லும் பிறந்த வகுப்புவாரி உத்தரவுகள் சர்க்கார் வேலைகளை எல்லா வகுப்பாருக்கும் பங்கிட்டன. அதுவரை அவ்வேலைகளில் பெரும்பங்கு வகித்த பிராமணக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அதன் பின் வடக்கே நோக்கினர் என்பது உண்மை. அதுவே முழுக் காரணம் என்று சிலர் மேடையில் பேசுவதுதான் பொருந்தாது. அதற்கு முன்பே பம்பாயிலும் கல்கத்தாவிலும் தமிழ்க் குமாஸ்தாக்கள் இருந்தனர். தாராவிக்கும் கோலாருக்கும் போனவர்களுக்கு அந்த உத்தரவோடு சம்பந்தமே இல்லை. படித்தவர் தொகை வேலைகளின் தொகையைத் தாண்டிவிட்டது. காவிரிப் பாசனத்து நிலம் பிள்ளைகள் எண்ணிக்கைக்கு ஏற்பத் துண்டு துண்டாயிற்று. அவ்வளவே.

டில்லி மட்டும் வேறு ரகம். அங்கே உத்தரவு இல்லாமல் போவது அருமையாக இருந்தது. 1911 டிசம்பரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவிப்பு வந்தது. புது டில்லி திறப்பு விழா 1931 பிப்ரவரியில் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் சர்க்கார் அலுவலகங்கள் கோடைக்குச் சிம்லா, குளிருக்கு டில்லி என்று ஆண்டுக்கு இருமுறை மூட்டை கட்டின. அவற்றோடு நம் குமாஸ்தாக்களும் மலை ஏறி இறங்கினர். பிள்ளைகள் படிப்பு என்ன ஆவது என்னும் கவலையில்தான் 1923-இல் மதராஸி கல்விச் சங்கம் தோன்றியது. இன்று ஏழு பள்ளிகளை நடத்தும் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் வேர் அது. டில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் பிறந்தது. பள்ளி முந்தி, சங்கம் பிந்தி என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் டில்லியின் கதவை அகலத் திறந்தது. புதுப் புது இலாகாக்கள். அவற்றுக்கு ஆயிரக்கணக்கில் குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தாளர்களும் தேவைப்பட்டனர். அப்போது ஊரிலேயே உத்தரவு பெற்றுப் போனவர் பலர். ஆனால் உத்தரவில் “தற்காலிகம்” என்று ஒரு வார்த்தை இருந்தது. யுத்தம் முடிந்ததும் அந்த வார்த்தை விழித்துக்கொண்டது. ஆண்டுக் கணக்கில் வேலை பார்த்தும் நிரந்தரம் ஆகாமல் தவித்தவர்களுக்காக 1949-இல் விதிகள் வந்தன. மூன்றாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர்க்கு “அரை நிரந்தரம்” என்று ஒரு நிலை ஏற்பட்டது. நிரந்தரமும் அன்று, தற்காலிகமும் அன்று. திருமணப் பேச்சில் பெண் வீட்டாருக்கு இதை விளக்கிச் சொல்ல எவ்வளவு பாடுபட்டிருப்பார்களோ! கரோல் பாக்கில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, நிரந்தரமாகும் வரை மனைவியை ஊரிலேயே விட்டுவைத்தவர் பலர். உத்தரவு முந்தி வந்தாலும் குடும்பம் வர ஆறு ஏழு ஆண்டு சென்றது. வரலாறு எழுதுவோர் ஆடவர் ரயிலேறிய தேதியையே கணக்கில் வைக்கின்றனர். மாமனார் வீட்டில் மாதாந்தர மணியார்டரை எதிர்பார்த்துக் காத்திருந்த பெண்மணிகளின் காலமும் குடிபெயர்ச்சியில் சேர்ந்ததுதான்.

நம் ரயில்வேக்கு வருவோம். இது நமக்குச் சொந்த விஷயம், இரண்டு வார்த்தை கூடுதலாயினும் பொறுத்தருள வேண்டும். பெங்கால் நாகபுரி ரயில்வே கரக்பூரில் பெரிய பட்டறை அமைத்தபோது ஆந்திரரும் தமிழரும் அங்கே திரண்டனர். அக்காலத்தில் கம்பெனி ரயில்வேயில் சிபாரிசே பெரிது. தகப்பன் வேலை பார்த்த இடத்தில் மகனை “ஆபீஸரைப் பார்க்க” அழைத்துப் போவார்கள். ரயில்வே சர்வீஸ் கமிஷன்கள் வந்த பிறகுதான் பரீட்சை என்னும் பொது வாசல் திறந்தது. அவை 1985-இல் ரயில்வே ஆள்சேர்ப்பு வாரியங்கள் என்று பெயர் மாறின. எழுத்துப் பரீட்சை, அதன் பின் சர்ட்டிபிகேட் சோதனை, அதன் பின் வைத்தியப் பரிசோதனை. எஞ்சின் ஓட்டுபவருக்குக் கண் ஏ-1 வகையில் தேற வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏ-2. எம்மைப் போல் மேஜைக்கு முன் அமர்பவர்க்கு ஸி-2 போதும். இவ்வளவும் முடிந்த பிறகே உத்தரவு. அதாவது வெளி மாநிலத்துக்குப் போகுமுன் வேலையை உறுதி செய்துகொள்ளும் வாய்ப்பைச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தந்தது இந்தப் பரீட்சை முறையே. மாமா கடிதம் இல்லாதவனுக்கும், வடக்கே யாரையும் அறியாதவனுக்கும் அது கிடைத்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும் பழங்குடியினருக்கும் பரீட்சைக்குப் போய்வர இலவசப் பாஸ் உண்டு. தாராவிக்குப் பெயரில்லாமல் வந்தவரின் பேரப்பிள்ளைகள் பெயர் அச்சிட்ட அழைப்புக் கடிதத்தோடு பிரயாணம் செய்தது இதனால்தான். அந்தக் கடிதத்தின் அருமை தெரியாமல் “ரயில்வே குமாஸ்தா வேலை என்ன பெரிய வேலை” என்று பேசுவோரிடம் நாம் வாதாடுவதில்லை.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. அரசியல் சாசனத்தின் 16-ஆவது பிரிவு, பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ காரணமாக்கிச் சர்க்கார் வேலையில் வேற்றுமை காட்டலாகாது என்கிறது. சில மாநிலங்களில் இருந்துவந்த “இத்தனை ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும்” என்னும் நிபந்தனைகளைப் பார்லிமெண்ட் 1957-இல் சட்டம் இயற்றி, சில பகுதிகள் நீங்கலாக, ரத்து செய்தது. எனினும் நடைமுறையில் ஒரு சிறு வேலி இருந்தது. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-இல் சட்டம் வந்தது. அந்த அலுவலகத்தில் பதிந்துகொள்ள உள்ளூர் விலாசம் வேண்டும். வந்தால்தான் பதியலாம், பதிந்தால்தான் வேலை. ஆகவே உறவினர் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது முதல் காரியமாயிற்று! அந்தப் பட்டியலோடு நில்லாமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்ன பிறகே இக்கட்டு தளர்ந்தது.

சட்டம் ஒன்று, தெரு ஒன்று. 1966 ஜூன் மாதம் பம்பாயில் சிவசேனை தோன்றியது. ஆபீஸ் வேலைகளைத் தென்னிந்தியர் பிடித்துக்கொண்டனர் என்பதே அதன் முதல் முழக்கம். ஆபீஸர்களின் பெயர்ப் பட்டியல்கள் வார இதழில் அச்சாயின. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. மாதுங்காவின் அறைகளில் அந்நாட்களில் நிலவிய அச்சத்தைப் பெரியவர்கள் இன்னும் மெல்லிய குரலில்தான் பேசுகின்றனர். மண்ணின் மைந்தர்களின் மனக்குறையில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அறைக்கு அறை நம்மவரையே வரவழைத்த வழக்கம் நமக்கு அன்பாகத் தெரிந்தது, வெளியே நின்றவனுக்குச் சாத்திய கதவாகத் தெரிந்திருக்கும். ஆயினும் வேலை தேடி வந்த குமாஸ்தாவின் மீது கல் எறிவது அதற்குப் பரிகாரம் ஆகாது. 2008 அக்டோபரில் அதே நகரத்தில், ரயில்வே பரீட்சை எழுத வந்த பீஹார், உத்தரப் பிரதேச இளைஞர்கள் அடிபட்டனர். அவர்கள் உத்தரவைக்கூடக் கேட்கவில்லை; பரீட்சை எழுதவே வந்தார்கள்.

இப்போது திருப்பூருக்கும் சென்னைக்கும் வண்டி வண்டியாக வந்து இறங்குவோர் பீஹார், ஒடிஸா, ஜார்க்கண்டு இளைஞர்கள். அவர்களையும் ஊர்க்காரன் ஒருவனோ, ஆள் சேர்க்கும் காண்டிராக்டரோதான் அழைத்து வருகிறார். பத்துப் பேர் ஓர் அறையில் தங்குகின்றனர், ஒருவர் சமைக்கிறார். தமிழ்நாட்டில் இருக்கும் நம் உறவினர்கள் அவர்களைப் பற்றிப் பேசும் பேச்சு சில சமயம் காதில் விழும்போது, 1966-இல் நம்மைப் பற்றிப் பேசப்பட்டதும் இதே வாக்கியங்கள்தாமோ என்று தோன்றுகிறது.

நம் காலனியிலிருந்து இப்போது போகும் பிள்ளைகள் கணினி முன் அமர்ந்து பரீட்சை எழுதுகின்றனர். உத்தரவு மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. மாற்றலாகிப் போகும் குடும்பத்துக்கு 1963-இல் தொடங்கிய மத்தியப் பள்ளிகள் இருக்கின்றன. ஆகவே “உத்தரவு வந்த பிறகே ரயிலேறு” என்று இன்று சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். ஆனால் சென்ற ஆண்டில் மட்டும் நம் சங்கத்துக்கு வந்த கடிதங்களில் வேலையைப் பற்றி விசாரித்தவை சிலவே. மற்றவை யாவும் கேட்டவை: தங்க இடம் கிடைக்குமா, சாப்பாட்டுக்கு மெஸ் இருக்கிறதா, பெண் பிள்ளை தனியாக வருகிறாள், ஸ்டேஷனுக்கு யாரேனும் வர இயலுமா. அக்கடிதங்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பைச் செயற்குழு இவ்வாண்டு நம்மிடம் ஒப்படைத்திருக்கிறது. காலனியில் ஓர் அறையை வாடகைக்குக் கொடுக்கக் கூடிய அன்பர்கள், ஞாயிறு மாலை நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் தம் பெயரைப் பதிந்து செல்லலாம்.